மலைச்சரிவு முற்றத்து மாதிரி ரயிலுக்கு ஒரு கம்பியில்லா ரிமோட்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட ஒரு மலைச்சரிவில், தேயிலைத் தொழிற்சாலையொன்றின் இயந்திரப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தமது வீட்டு முற்றத்தில் அமைத்த மாதிரி ரயில்பாதையைப் பற்றியது இந்த ஆய்வு. ஜெர்மனியில் வசிக்கும் அவருடைய மகன் விடுமுறைக்கு வந்தபோது எல்ஜிபி எனப்படும் பெரிய அளவு மாதிரி ரயில் வகையின் ஆரம்பத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினொரு வயதுப் பேத்தி முதலில் அதை வீட்டின் நடு அறையில் ஓட்டினாள். நடந்துபோகிறவர்களின் காலில் தண்டவாளம் தடுக்குகிறது என்று பாட்டி முறையிட்ட பிறகு, பாதை முற்றத்துக்கு இறங்கியது.

1968 முதல் வெளிவரும் இந்த வகை ரயில்களின் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீற்றர். உருவளவு 22.5இல் ஒரு பங்கு என்பதால், அது உண்மையில் ஒரு மீற்றர் அகலப் பாதையைக் குறிக்கும். பெரியவரின் மனதில் இருந்ததோ வேறு பாதை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஓடி 1948இல் மூடப்பட்ட 762 மில்லிமீற்றர் குறும்பாதையில் அவருடைய தந்தை சிறு வயதில் பயணம் செய்திருந்தார். கணக்குப்படி பார்த்தால் அதற்கு ஏறத்தாழ 34 மில்லிமீற்றர் இடைவெளிதான் பொருந்தும் என்று மகன் சுட்டிக்காட்டியபோது, கோச்சி வளைந்து வளைந்து ஏறினால் தமக்குப் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். இலத்திரனியல் சாதனத் திருத்தம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் இதில் சேர்ந்துகொண்டது, பாதை போட்டு முடிந்து, அதை ஓட்டுவதில் சிக்கல் தலைதூக்கிய பின்னர்தான்.

நிலத்தின் அமைப்பும் முதல் ஏற்பாடும்

சிக்கலைப் புரிந்துகொள்ள நிலத்தின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முற்றம் இரண்டு தட்டுகளாக வெட்டப்பட்டது. வீட்டை ஒட்டிய மேல்தட்டை ஒரு கல்கட்டு தாங்கி நிற்கிறது. அதன் கீழே, ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் தாழ்வில், மழைநீர் ஓடும் கானோடு கூடிய கீழ்த்தட்டு இருக்கிறது. பாதை மேல்தட்டில் தொடங்கி, கல்கட்டின் முனையைச் சுற்றி வளைந்து, சீமெந்துத் தூண்களின் மேல் இறங்கி, கானைப் பாலமொன்றால் கடந்து, மறுபுறமாக மீண்டும் மேலே ஏறுகிறது. சுற்று முழுவதும் முப்பத்தைந்து மீற்றர் அளவில் வரும். இறக்கத்தின் சரிவு 25க்கு 1. எதிர்மலையில் பதுளைக்குப் போகும் உண்மையான பாதையின் கடும் ஏற்றமே 44க்கு 1 என்பதை நினைத்துப் பார்த்தால், இச்சிறிய எஞ்சினிடம் கேட்கப்படும் வேலை குறைந்ததல்ல என்பது விளங்கும்.

தொகுதியோடு வந்த கட்டுப்பாட்டுப் பெட்டி கம்பியால் தண்டவாளத்தோடு இணைக்கப்படுவது. அது விறாந்தையில் இருந்தது. எஞ்சின் கல்கட்டைத் தாண்டி மறைந்ததும், ஓட்டுபவருக்குச் சத்தம் மட்டுமே மிஞ்சியது. ஒரு மாலை, இறக்கத்தில் வேகம் கூடிய ரயில் பாலத்துக்கு முந்திய வளைவில் தடம்புரண்டு, இரண்டு பெட்டிகள் கானுக்குள் விழுந்தன. பேத்தி விறாந்தையிலிருந்து திருகை மூடியது, பெட்டிகள் தண்ணீரில் கிடந்த பிறகுதான். ரயிலோடு கூடவே நடந்து ஓட்டக்கூடிய ரிமோட் ஒன்று வேண்டும் என்ற முடிவு அன்று எடுக்கப்பட்டது.

முன்வைக்கப்பட்ட தெரிவுகள்

மகன் அனுப்பிய பட்டியலில் நான்கு வழிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றை உடனேயே ஒதுக்கினோம். அமெரிக்காவில் முற்றத்து ரயில்களுக்குப் பெயர்பெற்ற சில ரிமோட்டுகள் 902 முதல் 928 மெகாஹேர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. அமெரிக்கக் கண்டங்களில் அந்த வரிசை உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டது. ஆனால் நமது பகுதியில் 900 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை கைத்தொலைபேசிச் சேவைக்கு உரியது. 890 முதல் 915 வரை தொலைபேசியிலிருந்து கோபுரத்துக்கும், 935 முதல் 960 வரை கோபுரத்திலிருந்து தொலைபேசிக்கும் செல்லும் அலைகள் அதில் இருக்கின்றன. ஆகவே அத்தகைய ரிமோட்டை இங்கே இயக்குவது பிறருடைய சேவைக்குள் கைவைப்பதாகும். வானொலி அலை பரப்பும் கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். நல்ல கருவி என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பயணப்பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் யோசனைக்கு நான் உடன்படவில்லை.

மீதி மூன்றும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைச் சார்ந்தவை. முதலாவது, டிசிசி எனப்படும் இலக்கக் கட்டுப்பாட்டு முறைக்குரிய மத்திய நிலையத்தை வீட்டுக்குள் வைத்து, வைஃபை வழியாகக் கைத்தொலைபேசிச் செயலியால் ஓட்டுவது. இரண்டாவது, அதே நிலையத்தோடு, திருகு பொருத்திய வைஃபை ரிமோட் ஒன்றை வாங்கிப் பயன்படுத்துவது. மூன்றாவது, தண்டவாளத்தில் மின்சாரத்தையே விடாமல் எஞ்சினுக்கு மின்கலம் கொடுத்து, எஞ்சினுக்குள் வைக்கும் சிறிய ஏற்பியோடு (சமிக்ஞையைப் பெறும் கருவியோடு) ரிமோட் நேரடியாகப் பேசும்படி செய்வது.

மகன் டிசிசி முறையையே விரும்பினார். அதில் தண்டவாளம் எப்போதும் முழு மின்னழுத்தத்தோடு இருக்கும். கட்டளைகள் அதே தண்டவாளத்தின் வழியாகவே செல்லும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி முகவரி உண்டு. விளக்கு, ஊதல், நீராவிச் சத்தம் எல்லாவற்றையும் தனித்தனியே இயக்கலாம். ஆசை காட்டுவதற்கு இவை போதும். மத்திய நிலையமொன்றை அவருடைய நண்பர் இரவலாகக் கொடுக்க முன்வந்ததால், பணம் செலவழிக்கும் முன்னர் செயலியைக் கொண்டு பரீட்சித்துப் பார்க்கலாம் என்று தீர்மானித்தோம்.

செயலியோடு நடந்த பரீட்சை

வெயிலான ஒரு நாளில் மேல்தட்டில் ஓட்டியபோது குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. பேத்தி அரை மணி நேரத்துக்குள் எல்லாப் பொத்தான்களையும் கண்டுபிடித்துவிட்டாள். தாத்தாவின் அனுபவம் வேறாக இருந்தது. பல்லாண்டு இயந்திரங்களோடு உழைத்துக் காய்த்துப்போன விரல்நுனியைக் கண்ணாடித் திரை பல வேளைகளில் உணரவில்லை. உணர்ந்தபோது, வேகத்தைக் காட்டும் கோடு அவர் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தாவியது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் அவர் முதலில் ரயிலிலிருந்து பார்வையை எடுத்து, திரையில் அந்தக் கோடு எங்கே நிற்கிறதென்று தேட வேண்டியிருந்தது. அவ்வளவில் எஞ்சின் ஒரு வளைவைக் கடந்துவிடும். “கண்ணு வண்டியில இருக்கணும் தம்பி, இது என் கண்ண கைக்கு இழுக்குது,” என்று அவர் என்னிடம் சொன்னார். தொழிற்சாலையில் உருளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, பார்க்காமல் வால்வைத் திருப்பிப் பழகிய ஒருவருக்கு இது வசதிக்குறைவாக மட்டும் படவில்லை. வேலை செய்யும் முறையே பிழை என்று தோன்றியது.

மழைக்காலம் தொடங்கியபின் குறைகள் கூடின. தென்மேல் பருவமழைக் காலத்தில் இப்பகுதியில் பெருமழையை விடத் தூறலும் பனிமூட்டமும்தான் நாட்கணக்கில் நீடிக்கும். திரையில் விழும் நுண்துளிகளைச் செயலி விரல் என்று எடுத்துக்கொண்டது. தொலைபேசியை மெல்லிய பொலித்தீன் பைக்குள் போட்டுப் பார்த்தோம். பை உலர்ந்திருக்கும்வரை தொடுகை வேலை செய்தது, நனைந்ததும் மீண்டும் பழைய கதை. ஒருமுறை இறக்கத்தின் நடுவில் உறவினர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்து, செயலி திரையை விட்டே மறைந்துவிட்டது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை அலைவரிசையின் எட்டுதூரத்தில் இருந்தது. மத்திய நிலையமும் ரூட்டரும் தகரக் கூரைக்குக் கீழ், சுவரை ஒட்டிய மேசையில் இருந்தன. தகரம் வானொலி அலையை ஊடுருவ விடாது. ரூட்டரை யன்னல் விளிம்புக்கு மாற்றியதும் மேல்தட்டு முழுவதும் சீரானது. ஆனால் கீழ்த்தட்டில் நிற்பவர் மார்பளவில் பிடித்திருக்கும் தொலைபேசி மேல்தட்டின் தரைமட்டத்தைவிடத் தாழ்வாகவே இருக்கிறது. அதற்கும் யன்னலுக்கும் நடுவே ஈரமண்ணும் கருங்கல்லும் நிற்கின்றன. தூறல் துளியோ பனிமூட்டமோ 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை இவ்வளவு குறுகிய தூரத்தில் பெரிதாகக் குறைப்பதில்லை. நனைந்த இலையும் ஈரமண்ணும் மனித உடலும்தான் அதை விழுங்குபவை. கல்கட்டின் மேல் வரிசையாக நின்ற செவ்வந்தியும் வேலியோரச் சவுக்கு மரத்தின் தாழ்ந்த கிளைகளும் மழையில் நனைந்த நாட்களில், உலர்ந்த நாளில் பிடித்த இடங்களிலும் இணைப்பு அறுந்தது. ஓட்டுபவர் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாலே போதும், சமிக்ஞைக் கோடுகள் இறங்கிவிடும்.

இணைப்பு அறுந்தால் ரயில் என்ன செய்யும்?

தெரிவு இந்தக் கேள்வியில்தான் திரும்பியது. கீழ்த்தட்டில் இணைப்பு அறுந்தபோது ரயில் நிற்கவில்லை; கடைசியாகக் கிடைத்த வேகத்திலேயே பாலத்தை நோக்கி ஓடியது. பேத்தி ஓடிப்போய் எஞ்சினைக் கையால் தூக்கிவிட்டாள்.

கருவி பழுதடைந்திருக்கிறது என்று மகன் முதலில் நினைத்தார். உண்மையில் அது பழுதன்று. டிசிசி முறையில் எஞ்சினோடு பேசுவது மத்திய நிலையம். கையில் இருப்பது அந்த நிலையத்தோடு பேசும் கருவி மட்டுமே. கையில் இருப்பது மௌனமானாலும், நிலையம் கடைசிக் கட்டளையைத் தண்டவாளத்தில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். பல பேர் சேர்ந்து பல எஞ்சின்களை ஓட்டும் பெரிய அமைப்புகளில் இது வசதியே. ரிமோட்டின் மின்கலத்தை மாற்றும்போது ரயில் நின்றுவிடத் தேவையில்லை. சில மென்பொருள்களில் இதற்கு மாற்று உண்டு. வைத்ராட்டில் என்ற நெறிமுறையில், கைக்கருவி குறிப்பிட்ட இடைவெளிக்குள் உயிரோடிருப்பதாக அறிவிக்காவிட்டால் எஞ்சினை நிறுத்தும் கண்காணிப்பைச் செயற்படுத்தலாம். அந்த இடைவெளியைப் பத்து விநாடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். எஞ்சின் இறக்கத்தில் விநாடிக்கு நாற்பது சென்ரிமீற்றர் போகிறது; பத்து விநாடியில் நான்கு மீற்றர். கல்கட்டின் முனையிலிருந்து தடம்புரண்ட வளைவுவரை இருப்பது அதைவிடக் குறைவு.

திருகு பொருத்திய வைஃபை ரிமோட்டை வாங்கினால் விரலின் பிரச்சினை தீரும், மழையின் பிரச்சினையும் பெருமளவு தீரும். ஆனால் அதுவும் அதே யன்னலோர ரூட்டரைத் தேடித்தான் பேச வேண்டும். கீழ்த்தட்டில் இரண்டாவது ரூட்டரை வைக்கலாம் என்று மகன் சொன்னார். நனையாத பெட்டி, அதற்கு 230 வோல்ட் மின்சாரம், ஈரமான கானோரத்தில் அந்தக் கம்பி என்று எண்ணிப் பார்த்தபோது, பதினொரு வயதுப் பிள்ளை விளையாடும் இடத்தில் அதற்கு நான் இணங்கவில்லை. பெரியவரும் இணங்கவில்லை.

தண்டவாளத்தின் நிலையும் இதே பக்கம் எடையைக் கூட்டியது. பித்தளைத் தண்டவாளம் இந்த ஈரத்தில் விரைவாகக் கறுத்துவிடுகிறது. சவுக்கு இலைகள் நசிந்து அதன்மேல் ஒட்டுகின்றன. டிசிசிக்குத் தண்டவாளம் மின்பாதையாக மட்டுமன்றிக் கட்டளைப் பாதையாகவும் இருப்பதால், சற்று அழுக்கானாலும் எஞ்சின் தயங்கியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர் முப்பத்தைந்து மீற்றரையும் குனிந்து தேய்க்கும் வேலை முழங்கால் வலியுள்ள ஒருவரின் தலையில் விழுந்தது.

தீர்மானம்

மின்கலத்தில் ஓடும் எஞ்சின், அதற்குள் 2.4 கிகாஹேர்ட்ஸ் ஏற்பி, திருகு கொண்ட சிறிய ரிமோட் என்ற மூன்றாவது வழி தெரிவுசெய்யப்பட்டது. அடிப்படைக் காரணம், இதில் நடுவில் வேறெதுவும் இல்லை என்பதுதான். ஓட்டுபவர் ரயிலோடு நடந்தால் ரிமோட்டுக்கும் ஏற்பிக்கும் இடையிலான தூரம் சில மீற்றருக்கு மேல் போவதில்லை; வீடும் தகரமும் கல்கட்டும் கணக்கிலிருந்தே நீங்கிவிடுகின்றன. மேலும், சமிக்ஞை அறுந்ததை உணர்வது எஞ்சினுக்குள் இருக்கும் ஏற்பியே என்பதால், நிறுத்தும் முடிவையும் அதுவே அங்கேயே எடுக்க முடியும்.

ரிமோட்டைத் தெரிவுசெய்யும்போது விற்பனையாளரிடம் கேட்கும்படி மகனுக்கு எழுதியனுப்பிய நிபந்தனைகள் மிகச் சில. சமிக்ஞை அறுந்தால் நிற்குமாறு ஏற்பியை அமைக்க முடிய வேண்டும். திருகுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். முடிவின்றிச் சுழலும் வகையில் வேகம் எவ்வளவென்று விரலால் அறிய வழியில்லை. ரிமோட்டை இயக்கும்போது திருகு பூச்சியத்தில் இல்லாவிட்டால், அது பூச்சியத்துக்கு வரும்வரை எஞ்சின் அசையக் கூடாது. கடையில் எளிதாகக் கிடைக்கும் சாதாரண மின்கலத்தில் அது இயங்க வேண்டும். எத்தனை சத்தங்கள் எழுப்பலாம், எத்தனை எஞ்சின்களை நினைவில் வைக்கும் என்பவற்றை நாங்கள் கேட்கவே இல்லை. மகனுக்கு இதில் மனக்குறை இருந்தது; நீராவிச் சத்தம் இல்லாத எஞ்சினை அவர் அரைகுறையாகவே கருதுகிறார். முற்றத்தில் ஓட்டப்போகிறவர்கள் இருவரும் அதைக் கேட்கவில்லை என்பதால் அந்தக் குறையோடேயே தீர்மானம் முடிந்தது.

எஞ்சினுக்கான லித்தியம் மின்கலங்களை விமான அஞ்சலில் அனுப்புவதில் கட்டுப்பாடுகள் உள்ளதால், அவற்றைக் கொழும்பில் வாங்கினோம். நான்கு கலங்கள் தொடராக இணைந்து 14.8 வோல்ட் தருபவை. மிகை மின்னேற்றத்தையும் குறுஞ்சுற்றையும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்றுப்பலகை இல்லாத தொகுதியை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம் என்று வற்புறுத்தினேன்.

பொருத்தலும் தொடர்ந்து நடந்தவையும்

மின்கலத் தொகுதி எஞ்சினுக்கு அடுத்த சரக்குப் பெட்டியில் வைக்கப்பட்டது. ஏற்பியையும் முதலில் அதே பெட்டியில், மின்கலத்தை ஒட்டியே வைத்தோம். ஐந்தாறு மீற்றரிலேயே ரயில் விட்டுவிட்டு நின்றது. ஏற்பியின் அன்ரெனா முப்பத்தொரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு மெல்லிய கம்பி. அலைநீளத்தின் நாலிலொரு பங்கு அவ்வளவுதான். அத்தனை சிறிய கம்பி ஓர் உலோகத் திரளின் பக்கத்தில் படுத்துக்கிடந்தால் அதற்கு எதுவும் கேட்காது. ஏற்பியைப் பிளாஸ்ரிக்காலான சாரதி அறையின் கூரைக்குக் கீழே ஒட்டி, கம்பியைச் செங்குத்தாக நிறுத்தியதும், கீழ்த்தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இணைப்பு அறவில்லை.

சமிக்ஞை அறும்போது என்ன நடக்கிறதென்பதை அறிய, இறக்கத்தில் ஓடும்போதே ரிமோட்டை வேண்டுமென்று அணைத்துப் பார்த்தோம். எஞ்சின் உடனே நின்றது. சில்லுகளை ஓட்டுவது புழுப்பற்சக்கரம் என்பதால், மோட்டர் நின்றபின் சரிவு அதை இழுத்துச் செல்லவில்லை. ஆனால் பின்னால் வந்த வெற்றுப் பெட்டிகள் முன்பெட்டியில் மோதி, ஒன்று தடத்திலிருந்து எகிறியது. நிறுத்தம் ஓரிரு விநாடியில் படிப்படியாக நிகழும்படி அமைப்பை மாற்றி, பெட்டிகளில் சிறு கூழாங்கற்களைப் பாரமாக வைத்தபின் அந்தக் குறை நீங்கியது.

ரிமோட்டில் இரண்டு சிறு மாற்றங்களைப் பெரியவர் தாமே செய்தார். திருகின் விளிம்பில் பூச்சியத்துக்கு நேராக அரத்தால் ஒரு வெட்டுப் போட்டு, அதற்குள் பேத்தியின் சிவப்பு நகப்பூச்சை நிரப்பினார். இருட்டினாலும் கட்டைவிரலுக்கு அந்த வெட்டுத் தட்டுப்படுகிறது. பிறகு ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட ஒரு நாடாவைக் கட்டினார். தூறலில் அதே பழைய பொலித்தீன் பைதான் அதற்கும் உறை. பைக்கு வெளியிலிருந்தே திருகு சுழலும். தண்டவாளத்தைத் தேய்க்கும் வேலை நின்றது. இலைகளைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டாலே போதும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிமின்னலில் முற்றத்துக் கம்பிகளைக் கழற்றும் வேலையும் இல்லாமல் போனது.

ஒருமுறை நிறைந்த மின்னேற்றம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் தாங்குகிறது. மின்னேற்றும்போது தொகுதியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, சீமெந்துத் தரையில், ஆள் இருக்கும்போது மட்டுமே ஏற்றுவது என்பதைப் பேத்தியும் உட்பட எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி செய்வதானால் மாற்றக்கூடியவை

பரீட்சையை மழைநாளில் தொடங்கியிருக்கலாம். உலர்ந்த நாளில் மேல்தட்டில் கிடைத்த நல்ல முடிவு, செயலி முறையின் மேல் மகனுக்கு வேண்டாத நம்பிக்கையை ஏற்படுத்தி, இரண்டு மாதப் பேச்சுவார்த்தைக்கு இடமளித்தது. நனைந்த செடிகளுக்குப் பின்னால், பாதையின் ஆகத் தாழ்ந்த இடத்தில் நின்று, கருவியை அணைத்துப் பார்ப்பதை முதல் சோதனையாக வைத்திருந்தால் பட்டியல் ஒரே மாலையில் சுருங்கியிருக்கும்.

இந்தத் தீர்மானம் எல்லா முற்றங்களுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். சமதரையில், வீட்டிலிருந்து முழுப் பாதையும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பல எஞ்சின்களைச் சத்தத்தோடு ஓட்ட விரும்புபவருக்கு டிசிசி நிலையமும் திருகு கொண்ட வைஃபை ரிமோட்டும் இதைவிடச் சிறந்ததாக இருக்கலாம். கிளைத்தடங்களின் மாற்றிகளையும் ரிமோட்டாலேயே இயக்க விரும்பினால், இங்கே எடுத்த வழியில் அது தனி வேலையாகிவிடும். இந்த முற்றத்தில் அவை இன்னும் கையால்தான் மாற்றப்படுகின்றன.

இரவல் நிலையம் நண்பரிடம் திரும்பிப் போய்விட்டது. அடுத்த விடுமுறையில் மகன் இரண்டாவது எஞ்சின் ஒன்றைக் கொண்டுவரவிருக்கிறார். அதற்கும் இதே வகை ஏற்பியைப் பொருத்தி, பேத்திக்கெனத் தனி ரிமோட் ஒன்றைப் பிணைப்பதென்று முடிவாகியிருக்கிறது; ஒரே தடத்தில் இருவர் ஓட்டும்போது யார் முதலில் பாலத்தைக் கடப்பது என்பதற்கான விதிகளைத் தாத்தாவும் பேத்தியும் இப்போது ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.